ஆர்.எக்ஸ். 135 இன்ஜினில் நான்கு சக்கர வண்டி: மூன்று முறை பிஸ்டன் பிடித்துவிட்டது. டைமிங்கா, இடைவெளியா?

ராகிக்காடு
சனி, இரவு 10.15

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அருகே ஆனேக்கலுக்கு அப்பால் மாமனாருக்கு நாலரை ஏக்கர் நிலம் இருக்கிறது. உரமூட்டையும் மருந்து தெளிக்கும் டிரம்மும் ஏற்றிச் செல்வதற்காக, பழைய யமஹா ஆர்.எக்ஸ். 135 இன்ஜின் ஒன்றைக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி நான்கு சக்கர வண்டி கட்டியிருக்கிறேன். வரப்பைத் தாண்டி வெளியே வராத வண்டி. பதிவுச் சான்று பற்றி யாரும் கேட்டுவிடாதீர்கள்.

கட்டும்போது, பொறி தட்டும் நேரத்தை (டைமிங்) வைக்க, டிகிரி தட்டை கிராங்க் தண்டில் மாட்டி, பிஸ்டன் உச்சியில் நிற்கும் டாப்புக்கு முன் 20 டிகிரியில் மேக்னெட்டிலும் (தண்டு முனையில் சுழலும் காந்தச் சக்கரம்) கேஸிலும் நானே கோடு கீறினேன். இக்னிஷன் சி.டி.ஐ. என்ற மின்னணு வகை. ஆயில் பம்ப் இல்லை. லிட்டருக்கு 40 மி.லி. ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்துவிடுகிறேன்.

முதல் முறை ஒன்பது மணி நேரம் ஓடிய பிறகு பிஸ்டன் போருக்குள் (சிலிண்டர் துளை) இறுகிப் பிடித்தது. அப்போது பிஸ்டனுக்கும் போருக்கும் இடைவெளி 0.04 மி.மீ. பட்டறைக்காரர் "டைட்டாக இருக்கிறது" என்று சொல்லி, போரைப் பெரிதாக்கி அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனில் 0.06 வைத்தார். நான்கு மணி நேரத்தில் மறுபடியும் பிடித்தது. பிறகு 0.09. மேட்டில் ஏறும்போது மூன்றாவது முறையும் நின்றது. இப்போது 0.12 போடலாம் என்கிறார். பொறி தட்டும் கணத்தில் மின்னும் டைமிங் லைட்டை அடித்துப் பார்த்தேன், கோடு கோட்டில் கச்சிதமாக நிற்கிறது. இனி எதைத் தொடுவது என்று தெரியவில்லை.

நாலு சக்கரம்
சனி, இரவு 11.02

20 டிகிரி போதாது, அண்ணா. யமஹா பான்ஷீ ஏ.டி.வி. வைத்திருக்கும் அமெரிக்கர்கள் பலரும், டைமிங்கை முந்தவைக்க, ஸ்டேட்டர் தட்டை (காயில்கள் இருக்கும் தட்டு) 4 டிகிரி முன்னே தள்ளித்தான் ஓட்டுகிறார்கள். கீழ் வேகத்தில் இழுப்பு எப்படி வரும் தெரியுமா? ஹெட்டையும் (சிலிண்டர் மூடி) கொஞ்சம் சீவிவிடுங்கள்.

இரட்டைக்குழல்
ஞாயிறு, காலை 6.20

தம்பி, காலையில் எழுந்ததும் இதைப் படித்து வயிறு கலங்கிவிட்டது.

பான்ஷீ 1987 முதல் 2006 வரை அமெரிக்காவில் விற்ற வண்டி. 64 மி.மீ. போர், 54 மி.மீ. வீச்சு (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), இரண்டு சிலிண்டர், 347 சி.சி. என்னிடம் இருக்கும் ராஜ்தூத் 350-க்கும் இதே அளவுகள்தான். ஆனால் அதில் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது, என்னுடையதில் காற்று மட்டும். பான்ஷீக்காரன் தள்ளுகிற 4 டிகிரியை நான் தள்ளினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். இவருடைய வண்டியோ அந்தக் காற்றுகூட இல்லாமல் ராகிக் கொல்லையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது.

டைமிங்கை முன்னே தள்ளினால் கீழ் வேகத்தில் இழுப்பு கூடும், மறுக்கவில்லை. சிலிண்டருக்குள் அழுத்தம் டாப்பைத் தாண்டிப் பன்னிரண்டு, பதினைந்து டிகிரியில் உச்சத்துக்கு வர வேண்டும். தீ பரவ நேரம் பிடிப்பதால் பொறியை முன்கூட்டியே தட்டுகிறோம். அளவுக்கு மீறி முந்திவிட்டால், மேலே ஏறிவரும் பிஸ்டனின் தலையிலேயே அந்த அழுத்தம் இறங்குகிறது. சூடு பிஸ்டனிலும் ஹெட்டிலும் தங்கிவிடுகிறது. பின்னே தள்ளினால் அதே சூடு சைலன்சருக்குப் போகும். குழாயில் சூடு ஏறினால் ஒலி அலை வேகமாகத் திரும்பி வரும், சக்தி மேல் வேகத்துக்கு நகரும். பந்தயக்காரர்கள் மேல் வேகத்தில் டைமிங்கைப் பின்னே இழுப்பது அதற்காகத்தான். டூ-ஸ்ட்ரோக்கில் டைமிங் என்பது சூட்டை எந்தப் பக்கம் அனுப்புவது என்ற கணக்கு.

ராகிக்காடு, அந்த மூன்று பிஸ்டன்களும் எப்படி இருந்தன? கீறல் எந்தப் பக்கம்? தலையின் விளிம்பு எப்படி இருக்கிறது?

பீன்யா பட்டறை
ஞாயிறு, காலை 9.45

இருபது வருடமாக போர் போடுகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், 0.12 போடாதீர்கள். 58 மி.மீ. வார்ப்பு பிஸ்டனுக்கு, காற்றில் குளிரும் இன்ஜினில், 0.045 முதல் 0.055 வரை நான் வைப்பேன். உங்களுடையது மெதுவாகப் போகும் வண்டி என்பதால் 0.06. அதற்கு மேல் போனால் பிஸ்டன் போருக்குள் ஆடும், பாவாடை (பிஸ்டனின் கீழ்ப்பகுதி) விரிசல் விடும், ரிங் சாய்ந்து உட்காரும். அடித்துச் செய்த பிஸ்டனுக்குத்தான் 0.07, 0.08 தேவை. அது அதிகமாக விரியும்.

ஒரு சந்தேகம். உங்கள் பட்டறையில் 0.04 என்று சொன்னது எதை வைத்து அளந்தது? பிஸ்டனைப் பின்னுக்கு (ராடோடு இணைக்கும் ஊசி) குறுக்காக, பாவாடையின் அடி விளிம்பிலிருந்து ஏழெட்டு மி.மீ. மேலே மைக்ரோமீட்டரில் பிடிக்க வேண்டும். தலைப்பக்கம் பிடித்தால் அங்கே பிஸ்டன் ஒல்லியாக இருக்கும், இல்லாத இடைவெளி இருப்பதாகத் தெரியும். போரை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். அதுவும் ஹோனிங் (போரைத் தேய்த்து மெருகேற்றுவது) முடித்த சூட்டோடு அல்ல. நான் இரவு முழுவதும் பிஸ்டனையும் சிலிண்டரையும் ஒரே மேசையில் வைத்துவிட்டு, காலையில் டீ குடிப்பதற்கு முன் அளப்பேன். என் பையன்களுக்கு இது பெரிய கேலி.

போர் போட்ட பிறகு, சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் துளைகளின் விளிம்புகளை மழுக்கினார்களா? விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் ரிங்கும் மாட்டும்.

ராகிக்காடு
ஞாயிறு, மாலை 4.30

மூன்றையும் வெயிலில் வைத்துப் பார்த்தேன்.

முதல் பிஸ்டன்: எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குக் கீறல். மற்ற பக்கங்கள் புதிது போல் இருக்கின்றன. தலை வெளிர் மஞ்சள், ஏறத்தாழ வெள்ளை.

இரண்டாவதும் மூன்றாவதும் வேறு மாதிரி. தலையின் விளிம்பில், எக்ஸாஸ்ட் பக்கம், ஊசியால் குத்தியது போல் சின்னச் சின்னக் குழிகள். ரிங் பள்ளத்துக்கு மேலே உலோகம் அரித்திருக்கிறது. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளிகள், நடுவே இரண்டு மூன்று வெள்ளிப் பொட்டுகள்.

போர்ட் விளிம்பில் நகம் மாட்டவில்லை. ரிங்கை போருக்குள் தள்ளி ஃபீலர் கேஜில் பார்த்தேன், ரிங் முனைகளுக்கு நடுவே வாய் இடைவெளி 0.25.

இரட்டைக்குழல்
ஞாயிறு, மாலை 5.10

அந்த வெள்ளிப் பொட்டு உங்கள் பிஸ்டனின் அலுமினியம், தம்பி. முதல் மரணமும் அடுத்த இரண்டும் ஒரே நோயால் வந்தவை அல்ல. இடைவெளி போதாமல் பிடித்திருந்தால் நான்கு மூலையிலும் கீறல் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் கீறி, தலை வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைந்திருக்கிறது என்று பொருள். அது முதலாவது. அடுத்த இரண்டும் வெடிப்பு தட்டியவை, அதாவது கலவை சீராக எரியாமல் தானாக வெடித்திருக்கிறது. நடுவில் ஏதோ மாறியிருக்கிறது.

கன்டோன்மென்ட்
ஞாயிறு, மாலை 6.00

பெட்ரோல் குறைவு என்றதால் என் பங்குக்கு. பெட்ரோல் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். தூய பெட்ரோல் 1 கிராம் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு 13.5 அளவு போதும். அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் தேவை. கார்புரேட்டருக்கு அது தெரியாது, பெட்ரோலை அளந்துவிடும் ஜெட் துளை பழைய அளவைத்தான் விடும். பழைய டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் மெயின் ஜெட்டை ஓரிரு எண் ஏற்றிப் பார்க்காமல் டைமிங் பேசுவதில் பயனில்லை. ஆயிலை அதிகம் கலந்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: ஆயில் கூடினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறையும்.

நம் பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். காற்று சென்னையை விட 8, 9 சதவீதம் மெலிந்தது. இங்கே கச்சிதமாக ஜெட் பிடித்த வண்டியைச் சென்னைக்குக் கொண்டுபோனால் பெட்ரோல் போதாது. என் நண்பர் ஒருவரின் வண்டி கிருஷ்ணகிரி இறக்கத்திலேயே பிடித்துக்கொண்டது. ஆனேக்கலுக்கு அந்தக் கவலை இல்லை.

பீன்யா பட்டறை
ஞாயிறு, இரவு 8.25

பெரியவர் சொன்ன "நடுவில் ஏதோ மாறியிருக்கிறது" என்பதையே மாலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். டைமிங் லைட்டில் கோடு கச்சிதமாக நிற்கிறது என்றீர்கள். அதை நம்பாதீர்கள்.

டைமிங் கோடு இருப்பது மேக்னெட்டில். பொறிக்குச் சைகை தரும் பிக்அப் காயிலைத் தூண்டும் மேடும் அதே மேக்னெட்டில். கிராங்க் தண்டின் மேல் மேக்னெட் சற்றே திரும்பியிருந்தால் இரண்டும் சேர்ந்தே திரும்பும். லைட் அடித்தால் கோடு எப்போதும் சரியாகத்தான் தெரியும். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பது அந்த லைட்டுக்குத் தெரியாது.

பிஸ்டன் எவ்வளவு கீழே இருக்கிறது என்று முள்ளால் காட்டும் டயல் கேஜ் வாங்குங்கள் அல்லது என்னிடம் வந்து எடுத்துப் போங்கள். எஸ்.பி. ரோட்டில் கருவிக் கடைகளில் கிடைக்கும், பிளக் துளைக்கான மரை உள்ள அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள். டாப்பில் முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, மேக்னெட்டைப் பின்னோக்கி நிறையவே திருப்பி, பிறகு ஓடும் திசையில் மெதுவாகக் கொண்டுவந்து கோட்டில் நிறுத்துங்கள். அப்போதுதான் பேரிங் ஆட்டம் கணக்கில் வராது. உங்கள் கிராங்க் வீச்சு 50 மி.மீ. கனெக்டிங் ராட் நீளம் என்ன?

ராகிக்காடு
ஞாயிறு, இரவு 8.50

மையத்திலிருந்து மையம் 100 மி.மீ. கட்டும்போது அளந்து வைத்திருக்கிறேன்.

பீன்யா பட்டறை
ஞாயிறு, இரவு 9.15

அப்படியானால் 18 டிகிரிக்கு 1.52, 20-க்கு 1.87, 22-க்கு 2.26, 24-க்கு 2.68 மி.மீ. பிஸ்டன் கீழே இருக்க வேண்டும். இந்தப் பகுதியில் ஒரு டிகிரி என்பது 0.2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. கோட்டை நேர் செய்துவிட்டு முள் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள்.

ராகிக்காடு
செவ்வாய், இரவு 11.40

எஸ்.பி. ரோட்டுக்குப் போய் வாங்கி வந்தேன். வீட்டுப் பின்கட்டில் மின்விளக்கைத் தாழ்த்திக் கட்டி, மனைவி கேஜைப் பார்க்க, நான் மேக்னெட்டைத் திருப்பினேன். டாப்பில் முள் போய் நின்று, ஒரு நொடி தயங்கி, திரும்பி வந்தது. அந்தத் தயக்கத்தின் நடுவில் சுழியம் வைத்தேன். பின்னே திருப்பி, மெதுவாக முன்னே கொண்டுவந்து, கோடும் கோடும் சேர்ந்த இடத்தில் நிறுத்தினேன்.

"ரெண்டு, அதுக்கு மேல அறுபத்தேழு" என்றாள். இன்னும் இரண்டு முறை செய்தோம். 2.66, 2.68.

24 டிகிரி!

மேக்னெட்டைக் கழற்றினேன். மேக்னெட்டைத் தண்டில் சரியான இடத்தில் வைக்கும் அரைநிலாக் கீயின் நடுவே, தண்டுக்குள் அழுந்தும் பாதிக்கும் மேக்னெட்டுக்குள் போகும் பாதிக்கும் இடையில், ஒரு சின்னப் படிக்கட்டு. நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது. அரை மி.மீ. இருக்கும். தண்டு அந்த இடத்தில் 14 மி.மீ. தடிமன். கணக்குப் போட்டால் அரை மி.மீ.க்கு 4 டிகிரி வருகிறது.

நாலு சக்கரம்
புதன், காலை 7.05

அப்படியென்றால் நான் சொன்ன 4 டிகிரி ஏற்கெனவே வண்டியில் இருந்திருக்கிறது. மன்னித்துவிடுங்கள், அண்ணா. ஆனால் கீ வெட்டுப்பட்டால் டைமிங் பின்னே போகலாமே, ஏன் முன்னே போனது?

இரட்டைக்குழல்
புதன், காலை 7.40

நல்ல கேள்வி. பிஸ்டன் பிடிக்கும்போது கிராங்க் சடாரென்று நிற்கிறது. கனமான மேக்னெட் மட்டும் வந்த வேகத்தில் இன்னும் சுழலப் பார்க்கிறது. கீயை நசுக்கிக்கொண்டு ஓடும் திசையிலேயே முன்னே நகர்கிறது. தூண்டும் மேடு முன்னே போய்விட்டதால் பொறியும் முன்னே வருகிறது. முதல் மரணம் தந்த காயம்தான் அடுத்த இரண்டையும் கொன்றது. ஒவ்வொரு முறையும் பட்டறையில் போரைப் பெரிதாக்கினார்கள், கீயைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்று. மேக்னெட்டைப் பிடித்து நிறுத்துவது கீ அல்ல, தண்டின் கூம்பு. கீ இடத்தைக் காட்டுவதற்கு மட்டும்தான். கூம்பில் ஆயில் பட்டிருந்தாலோ நட்டு தளர்ந்திருந்தாலோ கீயால் தாங்க முடியாது. வால்வு அரைக்கும் பேஸ்ட்டைக் கொஞ்சம் தடவி மேக்னெட்டைக் கூம்பின் மேல் அரைவட்டமாக அசைத்து உட்கார வையுங்கள். சாம்பல் நிறம் சுற்றிலும் ஒரே சீராகத் தெரியும்வரை. பிறகு பேஸ்ட்டை முழுக்கத் துடைத்து, உலர்ந்த கூம்பில் மாட்டுங்கள்.

முதல் முறை பெட்ரோல் ஏன் குறைந்தது என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஜெட்டா, காற்று உள்ளே கசிகிறதா? கிராங்க் கேஸை ஊதிப் பாருங்கள். இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ரப்பர் வைத்து அடைத்து, பிளக் துளை வழியாகக் காற்று ஏற்ற வேண்டும். 0.4 பார் போதும், அதற்கு மேல் ஏற்றினால் சீல் பிதுங்கும். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் அதுவே போதும், டயலில் 300 வரை ஏற்றினால் அந்த 0.4 கிடைத்துவிடும். ஒரு நிமிடத்தில் 50-க்கு மேல் இறங்கினால் கசிவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ராகிக்காடு
வியாழன், இரவு 10.20

மாமனாரின் ரத்த அழுத்தக் கருவி. அவருக்குத் தெரியாமல் எடுத்தேன், இதைப் படிக்க மாட்டார்.

300-க்கு ஏற்றி விட்டேன். அரை நிமிடத்தில் 180. சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். சிலிண்டர் அடியில் ஒன்றுமில்லை, இன்டேக் வால்வு இருக்கும் ரீட் பிளாக்கில் ஒன்றுமில்லை. மேக்னெட் பக்கத்து ஆயில் சீலின் அடியில் தடவியதும் நுரை மலர்ந்தது. சின்னச் சின்னக் குமிழிகள், நிற்காமல். சீலைப் பிடுங்கிப் பார்த்தால் உதடு கல் போல் இறுகிப்போயிருக்கிறது. கட்டும்போது நான் மாற்றாமல் விட்ட ஒரே சீல் அதுதான். "நன்றாகத்தானே இருக்கிறது" என்று விட்டேன்.

பீன்யா பட்டறை
வியாழன், இரவு 10.45

மேக்னெட் பக்க சீல் போனால் சுத்தமான காற்று உள்ளே வரும், கலவை மெலியும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகை கக்கும், அதைக் கண்ணால் பார்க்கலாம். இந்தப் பக்கம் சத்தமில்லாமல் கொல்லும்.

இரண்டையும் மாற்றுங்கள். கிராங்கைப் பிரித்திருப்பதால் தண்டின் ஓட்டத்தையும் இரு முனையிலும் கேஜில் பாருங்கள். 0.03-க்கு மேல் அலைந்தால் புது சீலும் சில மாதத்தில் கிழியும்.

நாலு சக்கரம்
வெள்ளி, காலை 8.10

சரி, ஹெட்டைச் சீவுவதாவது உண்டா? அண்ணா, ஸ்க்விஷ் இடைவெளி (பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருப்பது) எவ்வளவு?

ராகிக்காடு
வெள்ளி, மதியம் 1.15

ஈயக் கம்பியை வளைத்துப் பிளக் துளை வழியாக விட்டு, பின் ஊசி இருக்கும் திசையில் இரு பக்கமும் அழுத்தி எடுத்தேன். 1.85, 1.90.

இரட்டைக்குழல்
வெள்ளி, மதியம் 2.00

பின் ஊசியின் திசையில் அளந்தது நல்லது, குறுக்கே அளந்தால் பிஸ்டன் சாய்ந்து பொய் சொல்லும்.

1.9 கெட்ட இடம். அங்கே தங்கும் கலவை குளிர்ந்து அணைவதும் இல்லை, ஒழுங்காக எரிவதும் இல்லை. கடைசியில் தானாக வெடிக்கிறது. உங்கள் குழிகள் எல்லாம் விளிம்பில்தான் இருக்கின்றன, கவனித்தீர்களா? 1.1, 1.2-க்குக் கொண்டுவந்தால் கலவை நடுவுக்குப் பீய்ச்சப்பட்டு வேகமாக எரியும். தம்பி ஹெட்டைச் சீவு என்றது பாதி சரி. ஆனால் சீவினால் அழுத்தமும் ஏறும். எரிவது வேகமானால் பொறி அவ்வளவு முந்த வேண்டியதில்லை. 18 டிகிரிக்கு இறக்குங்கள்.

பீன்யா பட்டறை
வெள்ளி, மதியம் 3.30

இதில் மட்டும் பெரியவரோடு ஒத்துப்போக முடியவில்லை. ஹெட்டைத் தொட வேண்டாம். அடிக் கேஸ்கெட்டை மெல்லியதாகப் போட்டுச் சிலிண்டரை 0.5 இறக்குங்கள். போர்ட்கள் எல்லாம் தாழும், எக்ஸாஸ்ட் திறந்திருக்கும் நேரம் 2 டிகிரிக்கு மேல் குறையும். சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு அது நஷ்டம். உரமூட்டை இழுப்பவருக்கு லாபம், இழுப்பு கீழே வரும். ஸ்க்விஷ் 1.4-இல் நிற்கும், போதும். ஈயக் கம்பியை வைத்து மறுபடி அளந்துவிட்டு ஓட்டுங்கள்.

இரட்டைக்குழல்
வெள்ளி, மாலை 4.05

1.4 எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் பட்டறை, அவர் கை. டைமிங் 18 என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். குளிர்க்காற்றுக்கும் வழி செய்யுங்கள். வெஸ்பா வகை ஸ்கூட்டர்களில் மேக்னெட்டிலேயே விசிறி வைத்து, சிலிண்டரைச் சுற்றித் தகரம் மூடியிருப்பார்கள். நின்றுகொண்டே ஓடினாலும் அவை பிழைப்பது அதனால்தான்.

ராகிக்காடு
ஞாயிறு, இரவு 9.30 (ஐந்து வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும், பிஸ்டன் கிடைக்கவில்லை. கடைசியில் பீன்யாவுக்கே போனேன். சிலிண்டருக்குப் புது ஸ்லீவ் (உள்குழல்) போட்டு 58 மி.மீ.க்கே திரும்பியாயிற்று. இடைவெளி 0.06, ரிங் வாய் 0.23. காலை ஏழு மணிக்கு, டீக்கு முன் அளந்தார்கள், நானும் நின்று பார்த்தேன். இரண்டு சீலும் புதிது. கேஸ் 300-இல் ஆறு நிமிடம் நின்று 290-க்குத்தான் இறங்கியது. கூம்பை அரைத்து, புதுக் கீ போட்டு, கேஜில் 1.52 வைத்து மேக்னெட்டில் புதுக் கோடு கீறினேன். மெயின் ஜெட் இரண்டு எண் மேலே. காலாசிபாளையத்தில் ஒரு சின்னக் காரின் ரேடியேட்டர் விசிறி கிடைத்தது. தகரத்தை வளைத்துக் கூடு கட்டி மாட்டியிருக்கிறேன், பார்க்க அசிங்கமாக இருக்கிறது.

இதுவரை இருபத்தாறு மணி நேரம் ஓடிவிட்டது. பழைய மேட்டில் நான்கு மூட்டை யூரியாவோடு இரண்டாம் கியரில் ஏறியது. பிளக் காபித்தூள் நிறம். ஒரு பொட்டுகூட இல்லை.

நாலு சக்கரம்
ஞாயிறு, இரவு 9.50

22 டிகிரி வைத்து ஒரே ஒரு முறை பார்க்கலாமே, அண்ணா?

ராகிக்காடு
ஞாயிறு, இரவு 9.52

மாட்டேன்.

பீன்யா பட்டறை
ஞாயிறு, இரவு 10.10

அந்தப் பழைய கீயை எறிந்துவிட்டீர்களா? அடுத்த முறை வரும்போது கொண்டுவாருங்கள், என் பையன்கள் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும்.

ராகிக்காடு
ஞாயிறு, இரவு 10.14

தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். மூன்று பிஸ்டன்களையும் சேர்த்தே கொண்டுவருகிறேன்.